திருத்திய பதிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பழைய நாவல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு இப்போது இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அரூர், பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், கல்லூரி மாணவிகள், ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரில் இருப்பவர்கள். அவர்கள் வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் பழைய நாவல் என்று வந்துவிட்டால், அந்த வயதில் நாங்கள் எல்லாம் செய்த அதே தவறுகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அட்டையைப் பார்த்து வாங்குவது, திருட்டு பிடிஎஃப் இறக்குவது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களுக்குள் நான் போகவில்லை.

புதுப் பதிப்பு வந்ததும் படிக்கலாம் என்று தள்ளிப்போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பாலக்கோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர். நல்ல வாசகர். வட்டத்தில் ஒரு பழைய நாவலைப் பேச எடுத்துக்கொண்டோம். நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. அட்டை போய், காக்கித் தாள் ஒட்டியிருந்தாலும் பக்கமெல்லாம் சரியாக இருந்தது. "எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன். "இல்லீங்க சார், திருத்தின பதிப்பு வரப்போவுதாம். புத்தகத் திருவிழாவுல ஸ்டால்ல சொன்னாங்க. வந்ததும் அதையே படிச்சுக்கறேன்" என்றார். அந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த புத்தகத் திருவிழாவில் கேட்டபோது "ப்ரூஃப்ல இருக்குங்க" என்றார்கள். அதற்கடுத்ததில் "முன்னுரைக்கு வெயிட் பண்றோம்" என்றார்கள். அதற்குள் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒதுக்கினார்கள். அந்தப் பிரதியும் அதோடு போய்விட்டது. புதுப் பதிப்பு இன்னும் வரவில்லை. அந்தத் தம்பி அந்த நாவலைப் பற்றி எல்லாம் அறிந்தவர்போலப் பேசுகிறார், ஆனால் ஒரு பக்கமும் படித்ததில்லை. அவர் ஒருவர் என்றால் விட்டுவிடலாம். வட்டத்தில் பாதிப் பேர் இப்போது இதையே சொல்கிறார்கள். படிக்காமல் இருப்பதற்கு இப்படி ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது.

அறிவிப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் எத்தனை வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கிறது. அவர்கள் சம்மதிக்க வேண்டும். நம் பழைய நாவல்களில் பாதிக்குமேல் பத்திரிகைத் தொடராக வந்தவை. தொடரில் ஒரு பாடம், அதாவது ஒரு வாசகம் இருக்கும், முதல் புத்தகத்தில் வேறொரு பாடம் இருக்கும். இரண்டையும் தேடிப் பிடித்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். புதிதாக டைப் செய்து, மெய்ப்புப் பார்த்து, அதற்குப் பிறகு அச்சுக்குப் பணம் புரட்ட வேண்டும். இதில் எது நின்றாலும் புத்தகம் நின்றுவிடும். பதிப்பகத்தார் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஆசைப்பட்டுச் சொல்கிறார்கள், நாம் அதைத் தேதியாக எடுத்துக்கொள்கிறோம்.

நல்ல பதிப்பு வர ஒரு தலைமுறைகூட ஆகும். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். அவர் கதைகளைப் பத்திரிகைப் பாடத்தோடு ஒப்பிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத்தொகுப்பு 2000இல் வந்தது. இடையில் 52 ஆண்டுகள். அந்த 52 ஆண்டுகளும் கிடைத்த பதிப்பில் படித்து, கடன் வாங்கிப் படித்து, சண்டை போட்டுப் பேசிய வாசகர்கள் இருந்ததால்தான் அப்படி ஒரு பதிப்புக்குத் தேவையே வந்தது. இன்னும் பின்னால் போனால், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டார். மேலும் ஏடுகள் பார்த்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. 1887இல் வாங்கியவர்கள் இருபது வருஷம் பொறுத்துப் படிக்கலாம் என்று பரணில் போட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இன்னொன்று. யார் திருத்தப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பி. ஆர். ராஜமய்யர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் எழுதினார். 1898இல், 26 வயதில் இறந்துவிட்டார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அந்த 1954 டிசம்பரிலேயே கல்கி காலமானார். அரசு உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியபின் அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு பதிப்பில் "திருத்தியது" என்று போட்டிருந்தால் அந்தத் திருத்தம் கல்கியின் கையிலிருந்து வந்திருக்க வழியில்லை. மெய்ப்புப் பார்த்தவர் கையிலிருந்து வந்திருக்கும். நல்ல கையாகவும் இருக்கலாம். அதற்காக வந்தியத்தேவனை வீராணம் ஏரிக்கரையில் நிறுத்திவைத்துவிட்டு நீங்கள் காத்திருக்க வேண்டுமா?

எழுத்தாளர் உயிரோடு இருந்து, அவரே திருத்துகிறார் என்றால் பழையதை முதலில் படிப்பது இன்னும் முக்கியம். முப்பது வயதில் ஒருவர் கோபத்தோடு எழுதிய அத்தியாயத்தை அறுபது வயதில் அவரே தணித்து எழுதுவார். கடைசி அத்தியாயத்தை எடுத்தே விடுவார். பழையதைப் படித்தவருக்குத்தான் அது தெரியும். புதியதை மட்டும் படித்தவருக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரியாது.

காத்திருக்கவே கூடாதா என்றால், சில சமயம் காத்திருக்கலாம். கையில் உள்ள பிரதியில் பக்கங்கள் இல்லை, வேறு பிரதியும் இல்லை என்றால் பொறுக்கலாம். முதல் பதிப்பில் பாதியை வெட்டித்தான் போட்டார்கள் என்று எழுத்தாளரே எழுதியிருந்தால் பொறுக்கலாம். பிஎச்.டி. செய்கிறவர்கள் மேற்கோளுக்காக நல்ல பதிப்பை எதிர்பார்ப்பதும் நியாயம்தான், ஆனால் அவர்களும் முதல் வாசிப்பைப் பழையதில் முடித்துவைத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். கையில் எது இருக்கிறதோ அதை இன்றைக்கு ராத்திரியே ஆரம்பியுங்கள்.

"ஏழாம் பதிப்பு" என்பதை நம்பி ஏமாறுவது

நம் ஊர்ப் புத்தகங்களில் ஏழாம் பதிப்பு என்றால் பெரும்பாலும் ஏழாவது முறை அச்சானது என்றுதான் பொருள். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மாறியிருக்கிறதா என்று பார்க்க விவரப் பக்கத்தை விடுங்கள், "இப்பதிப்பைப் பற்றி" என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். எந்தப் பிரதியை மூலமாக வைத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று அங்கே நாலு வரியாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் அட்டையில் மட்டும் "திருத்திய பதிப்பு" என்று இருந்தால், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பக்க எண்ணைப் பார்க்காமல் பழைய புத்தகம் வாங்குவது

சேலத்தில் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி வருகிறவர்கள் அதிகம். அட்டை கிழிந்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதெல்லாம் பரவாயில்லை. புத்தகம் பாரம் பாரமாக, அதாவது ஒரு பெரிய தாளில் பல பக்கமாக அச்சாகி மடிக்கப்படுகிறது. ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் 160க்கு அடுத்து 177 வரும். முதுகுத் தையல் நன்றாக இருப்பதால் கையில் எடுத்தால் சந்தேகமே வராது. சில பிரதிகளில் விட்டுப்போன பாரத்துக்குப் பதில் வேறொரு பாரம் இரண்டு தடவை இருக்கும். கடையிலேயே நின்று, 16, 32, 48 என்று பாரம் முடிகிற இடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. கதாநாயகி கிணற்றடியில் நிற்கிற இடத்தில் பாரம் போய், அடுத்த பக்கத்தில் அவள் பேரனுக்குக் காது குத்துகிறார்கள் என்றால் யாரைப் போய்க் கேட்பது?

சுருக்கிய பதிப்பு

வேண்டாம்.

பழைய எழுத்தைப் பார்த்து மிரள்வது

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் லை, னை, ணை எல்லாம் மேலே துதிக்கை போட்டிருக்கும். ணா, றா, னா சுழித்துக்கொண்டு இருக்கும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த அந்தப் புத்தகங்களில் 'ர'வும் காலும் ஒன்றுபோலத் தெரியும். முதல் அத்தியாயம் தடுக்கும், மூன்றாவதில் கண் பழகிவிடும். இதற்காகப் புதுப் பதிப்பு தேடுகிறவர்கள் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 1957க்கு முன் ரூபாய்க்கு 16 அணா என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

புதிய அச்சு என்றால் பிழையே இராது என்று நினைப்பது

பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக டைப் செய்யும்போது பழைய பிழை போகும், புதுப் பிழை வரும். பழைய பிரதியில் "உலை வைத்தாள்" என்று இருந்தது, புதியதில் "விலை வைத்தாள்" என்று வந்திருந்ததை இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அந்த வரியை வைத்து அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றி ஒருவர் கட்டுரையே எழுதிக்கொண்டு வந்திருந்தார், பாவம்.

அதைவிட மோசம், காலத்தை அழிக்கிற திருத்தம். 1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அந்தக் காலக் கதையில் ஒருவர் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று விலாசம் சொல்லுவார். அதைக் "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று யாராவது திருத்தினால் அந்த மனிதர் எந்த வருஷத்தில் நிற்கிறார்? ஜில்லாவை மாவட்டம் ஆக்குவது, அபிப்பிராயத்தைக் கருத்து ஆக்குவது, பாட்டி பேசுகிற "வந்துகினு"வை "வந்துகொண்டு" ஆக்குவது எல்லாம் தமிழுக்குச் செய்யும் சேவை என்று சிலர் நம்புகிறார்கள். எங்கள் பக்கத்துக் கிழவி அப்படிப் பேசமாட்டாள். அவளை அப்படிப் பேசவைத்த நாவலில் அவள் இல்லை.

முன்னுரையை முதலில் படிப்பது

புதுப் பதிப்புகளின் நீண்ட முன்னுரையில் முடிவைச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் படியுங்கள்.

புதியது வந்ததும் பழையதை எடைக்குப் போடுவது

புதிய பதிப்பு ஒருவழியாக வந்துவிட்டால் வாங்குங்கள். உழைத்துக் கொண்டுவந்த நல்ல பதிப்பை வாங்காவிட்டால் அடுத்தது வராது. ஆனால் பழையதை விடாதீர்கள். தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து வீட்டில் பைண்ட் செய்த தொகுதி என்றால் இன்னும் பத்திரம். அதில் ஓவியங்கள் இருக்கும், அந்த வார விளம்பரங்கள் இருக்கும், புத்தகத்தில் வராத வரிகளும் இருக்கும். திருத்திய பதிப்பு போடுகிறவர்கள் தேடி அலைவதே இந்த மாதிரிப் பிரதிகளைத்தான். பூச்சி பிடிக்காமல் இருக்க வேப்பிலையை நிழலில் காயவைத்து அலமாரியில் போடுங்கள். செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள், அது காய்ந்தால் தாளையும் எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை என்றால் எடைக்காரரைக் கூப்பிடுமுன் உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்.