அமெரிக்க எம்.பி.யின் வாக்கும் வரவும்: படிக்கும்போது நாம் தவறுகிற இடங்கள்

தேர்தல் நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் முகம், கீழே இரண்டே வரி: கொண்டுவந்த மசோதாக்களில் சட்டமானது பூஜ்யம், ஒரு கம்பெனியிடம் வாங்கியது 3 லட்சம் டாலர். டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகன் அங்கே முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறவன். "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்டான். இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். எண்கள் இரண்டும் சரி, அவை சொல்ல வந்த சேதி இரண்டும் தப்பு. இந்தத் தப்பு நம் ஆட்களிடம் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் மசோதாக் கணக்கு. பிரதிநிதிகள் அவை, செனட் என்ற இரண்டு அவைகள் சேர்ந்ததுதான் காங்கிரஸ். அதன் ஒரு காலம் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் தாக்கலாகும். சட்டமாவது நூற்றுக்குச் சில. அதிலும் தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டும் மசோதாக்கள் நிறைய உண்டு. அவற்றைச் சேர்த்து எண்ணினால் ஒருவர் பெரிய சாதனையாளராகத் தெரிவார். மறுபக்கம், ஒருவர் வருடக்கணக்கில் பாடுபட்ட மசோதாவின் வாசகம் ராணுவச் செலவு மசோதா போன்ற பெரிய மசோதாவுக்குள் அப்படியே நுழைந்து சட்டமாகியிருக்கும். கணக்கில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் நிற்கும். காங்கிரஸின் இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் தொடர்புடைய மசோதாக்கள் என்றொரு பகுதி இருக்கிறது. அதைத் திறக்காமல் பூஜ்யம் என்று சொல்லாதீர்கள். படத்தில் இருந்த உறுப்பினரின் இரண்டு மசோதாக்கள் அப்படித்தான் வேறொன்றுக்குள் போயிருந்தன.

அடுத்து வாக்கு. மசோதா எண்ணை மட்டும் பார்த்து, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று முடிவு கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இதற்கு எச்.ஆர். 3590-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் எண் அது. 2009 அக்டோபர் 8 அன்று பிரதிநிதிகள் அவையில் அந்த எண்ணுக்குக் கிடைத்த வாக்கு 416-0. அப்படியென்றால் குடியரசுக் கட்சிக்காரர்களும் ஒபாமாகேரை ஆதரித்தார்களா? இல்லை. அன்று அந்த எண்ணில் இருந்தது, ராணுவத்தினர் வீடு வாங்குவதற்கான வரிச்சலுகை. சார்லஸ் ரேங்கல் கொண்டுவந்த சின்ன மசோதா. வரி சம்பந்தப்பட்ட மசோதா பிரதிநிதிகள் அவையில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசியல் சாசன விதி. அதனால் செனட் அந்த மசோதாவை எடுத்து, உள்ளே இருந்த வாசகம் முழுவதையும் நீக்கிவிட்டு, காப்பீட்டுச் சட்டத்தை உள்ளே வைத்தது. டிசம்பர் 24 அன்று செனட்டில் 60-39. 2010 மார்ச் 21 அன்று மீண்டும் பிரதிநிதிகள் அவையில் 219-212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட ஆதரவாக விழவில்லை. எண் ஒன்றுதான், சரக்கு வேறு. எந்தத் தேதியில், எந்த வாசகத்தின் மேல், என்ன கேள்விக்கு வாக்கு எடுத்தார்கள் என்று மூன்றையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

சில சமயம் "இல்லை" என்ற வாக்குகூட எதிர்ப்பு ஆகாது. 2013 ஏப்ரலில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திருத்தம் செனட்டுக்கு வந்தது. 60 வாக்கு வேண்டும், கிடைத்தது 54. எதிராக விழுந்த 46-இல் ஒன்று, அதை ஆதரித்த பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் போட்டது. 60 கிடைக்காததால் வென்றது 'இல்லை' பக்கம். தோற்ற பக்கம் வாக்களித்தவர் மறுபரிசீலனை கேட்க முடியாது என்பது அவை விதி. விஷயத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கட்டும் என்றே அப்படிப் போட்டார்.

உறுப்பினர்கள் போட்ட வாக்குகளை வைத்து அமைப்புகள் தரும் மதிப்பெண் அட்டையைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். எந்த வாக்குகளைக் கணக்கில் எடுப்பது என்று அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவைக்கு வராததையும் எதிர்ப்பாக எண்ணுகிற அமைப்புகள் உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். "இந்தக் கம்பெனி கொடுத்தது" என்ற வார்த்தையிலேயே கோளாறு. மத்தியத் தேர்தலில் ஒரு கம்பெனி தன் கஜானாவிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க 1907-லிருந்தே தடை. கம்பெனி அமைக்கும் அரசியல் நிதிக் குழு, அதாவது 'பேக்', ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை கொடுக்கலாம். உட்கட்சித் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று. வழக்கமாக 10,000-க்கு மேல் போகாது. அப்படியிருக்க 3 லட்சம் எங்கிருந்து வந்தது? மொத்தம் 200 டாலருக்கு மேல் நன்கொடை தருபவர் எங்கே வேலை செய்கிறார் என்று பிரசாரக் குழு கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் பொறியாளரும் கணக்காளரும் தனித்தனியே போட்ட பணத்தைக் கம்பெனி பெயரின் கீழ் கூட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் படத்தில் இருந்ததும் அதுதான். அந்தத் தொகுதியிலேயே பெரிய கம்பெனி அது; ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. போதாததற்கு, பல தேர்தல்களின் பணத்தைச் சேர்த்து ஒரே தேர்தலின் கணக்கு மாதிரி போட்டிருந்தார்கள்.

அதற்காகப் பெரிய பணம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு வாசல் வழியாக வருகிறது. 2010-இன் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக்குகள், அதாவது வேட்பாளர் கையில் கொடுக்காமல் தாங்களே செலவழிக்கும் குழுக்கள், எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாம், செலவழிக்கலாம். வேட்பாளரோடு கலந்து திட்டமிடக் கூடாது, அவ்வளவுதான். வேட்பாளரின் வரவுக் கணக்கில் அந்தப் பணம் தெரியாது. அது தேர்தல் ஆணையத்தின் 'சுயேச்சைச் செலவு', அதாவது வேட்பாளரைச் சாராமல் மற்றவர்கள் செய்யும் செலவு, என்ற பட்டியலில் இருக்கும். வரவை மட்டும் பார்த்துவிட்டு "சுத்தமான ஆள்" என்பது, இல்லாத குற்றத்தைச் சுமத்துவதைப் போலவே தப்பு. "கம்பெனி பேக் பணம் வாங்க மாட்டேன்" என்ற உறுதிமொழியும் அப்படித்தான். நல்ல உறுதிமொழி, ஆனால் அந்தக் கம்பெனி முதலாளி தனி ஆளாகக் கொடுப்பதை அது தடுக்காது.

பணம் வாங்கியதால்தான் அப்படி வாக்களித்தார் என்று சொல்லுமுன் தேதிகளை வரிசையாக வையுங்கள். ஏற்கெனவே தங்கள் பக்கம் இருப்பவருக்கும், தங்கள் துறையைக் கவனிக்கும் குழுவில் இருப்பவருக்கும் துறைக்காரர்கள் பணம் தேடிப்போய்க் கொடுப்பார்கள். வாக்கு முன்னால், பணம் பின்னால் என்பதும் உண்டு.

கடைசியாக, நம்மவர்கள் செய்கிற ஒரு தவறு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், தமிழ்க் குடும்பத்து ராஜா கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் நிற்கும்போது ஆசையாக நன்கொடை அனுப்பத் தோன்றும். குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கொடுக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, மாநில, உள்ளூர்த் தேர்தலுக்கும் சேர்த்துத்தான். தம்பி மனைவி எச்-1பி-யில் இருக்கிறாள். இது தெரிந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தம்பியோடு அவளும் ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டப் போனாள்.