புதைந்த வண்டியை இழுக்கும் முன்

சேற்றிலோ மணலிலோ புதைந்த ஜீப்பை இழுக்கும்போது வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் (டோ பால்) ஸ்ட்ராப்பை, அதாவது இழுவைப் பட்டையை, மாட்டாதீர்கள். டிரெய்லரைச் சீராக இழுத்துப்போகத்தான் அது. வெடுக்கென்று இழுக்கையில் அதன் கழுத்து முறிந்தால், விறைத்து நீண்டிருக்கும் ஸ்ட்ராப் அந்த இரும்புக் குண்டைக் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வீசிவிடும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன.

அடியில் இருக்கும் சின்ன வளையங்களும் வேண்டாம். பல வண்டிகளில் அவை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானவை. சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை குறித்த ரெக்கவரி பாயின்ட்தான் (புதைந்த வண்டியை இழுப்பதற்கென்றே உள்ள மாட்டுமிடம்) சரி. ஸ்ட்ராப்பை அதோடு இணைக்கும் U வடிவ இரும்பு வளையமான ஷேக்கிளிலும் 4.75 டன் என்பதுபோல் எடை பொறித்திருக்க வேண்டும். பொறிக்காததை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம், வேடிக்கை பார்ப்பவர்களை ஸ்ட்ராப்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரமாவது விலக்கிவிட்டு இழுங்கள்.