மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தவருக்கு சிபாப் பழக்கிய விதம்

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் சுவாச சிகிச்சையாளராக இருக்கிறேன். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு சிபாப் (CPAP) கருவியை, அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவியைப் பழக்குவது என் வேலை.

1991 வளைகுடாப் போரில் இருந்தவர் ஒருவர். பரிசோதனையில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டது, அதாவது கடுமையான நிலை. சிபாப் கொடுத்தோம். ஆனால் கருவியின் பதிவைப் பார்த்தால், அவர் அதைப் போட்டிருப்பது நள்ளிரவோடு நின்றுவிடும். தூக்கத்திலேயே மாஸ்க்கைப் பிடுங்கிவிடுகிறார். கேட்டதற்கு, “அந்த ரப்பர் வாசனை வந்தாலே விஷவாயு சைரன் காதில் கேட்கிறது” என்றார். போரில் அந்த சைரன் ஒலித்தால் ரப்பர் முகமூடியை மாட்ட வேண்டும். இவரிடம் போய் ‘பழகிவிடும்’ என்று சொல்வது கொடுமை.

மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கை எடுத்துவிட்டு, நாசித் துவாரத்தில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ கொடுத்தேன். முகம் திறந்தே இருக்கும். அப்புறம், கொஞ்ச நாள் படுக்கையில் போட வேண்டாம் என்றேன். பகலில் டிவி பார்க்கும்போது, தலைப்பட்டை மாட்டாமல், கையால் பிடித்து மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். பதறினால் உடனே எடுத்துவிடலாம். மனம் அடங்கியதும் மறுபடி வைக்க வேண்டும். கழற்றுவது தன் கையில் இருக்கிறது என்ற தைரியம்தான் இதில் பாதி மருந்து.

இரவுக்கு ராம்ப் வைத்தேன்: காற்றின் அழுத்தம் 4 சென்டிமீட்டர் நீரளவு என்ற குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏறும். நடுவில் மூக்கு வறண்டு அடைத்தது. கருவி தரும் காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டியதும் சரியானது.

இப்போது முழு இரவும் போடுகிறார், தடைகள் மணிக்கு 5க்குக் கீழே. கெட்ட கனவுகள் இன்னும் வருகின்றன. அதற்கு மனநலப் பிரிவில் தனியாகச் சிகிச்சை நடக்கிறது.