பழைய ஆர்மோனியத்தில் தானே ஒலித்த கட்டை: என் அனுபவம்

திண்டிவனம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அடியில் கிடைத்தது இந்த ஆர்மோனியம். ரீடுகளில் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) ‘பாரிஸ்’ முத்திரை. நாடகக்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். 1,800 ரூபாய்க்கு இது பெரிய அதிர்ஷ்டம்.

வீட்டில் துருத்தியை அசைத்ததும் நடு ஸ்தாயி பஞ்சமம் (‘ப’ ஸ்வரம்), கட்டையைத் தொடாமலே ‘ங்ங்’ என்று பாடியது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று மாற்றினேன், போகவில்லை. ரீடைக் கழற்றித் தூசி தட்டினேன். அப்புறம் பார்த்தால், கட்டைக்கு அடியில் காற்றுத் துளையை மூடும் தோல் காய்ந்து, துளையின் வட்டம் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தது. புதுத் தோல் ஒட்டினேன். அப்போதும் அதே சத்தம். ஐந்து நாள் போனது.

ஆறாம் நாள் மழை. சத்தம் இல்லை! மறுநாள் வெயிலில் திரும்ப வந்தது. ஈரத்தில் மரம் உப்பும் என்பது அப்போதுதான் உறைத்தது. மேல்மூடியைக் கழற்றி, துருத்தியை மெல்ல அழுத்திக்கொண்டே ஊதுபத்தியை அருகில் பிடித்தேன். பஞ்சமக் கட்டையின் அடியில் மட்டும் புகை விலகியது. துளையின் விளிம்பிலிருந்து தோலின் ஓரத்தைத் தாண்டி, பலகையில் மயிரிழை விரிசல். தோல் மாற்றும்போது துளையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மரப்பசையை நீர்க்கக் கரைத்து, ஊசிமுனையால் விரிசலில் இறக்கி, ஓர் இரவு காயவிட்டேன். மேலே நின்ற பசையை நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினேன். இல்லாவிட்டால் தோல் படியாது. மூன்று வாரமாக, நல்ல வெயிலிலும் பஞ்சமம் அமைதியாக இருக்கிறது.