பழைய அமெரிக்கத் தொடர் இன்று யாருடையது? சோனி டிவி பிரிவை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பிவிட்ச்ட் என்ற அமெரிக்கத் தொடர் 1964-ல் தொடங்கி 1972-ல் முடிந்தது. இன்று அதன் சில பிரதிகளை ஓடவிட்டால் கடைசியில் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன் என்று லோகோ வருகிறது. ஆனால் அந்தப் பெயரே 2002 செப்டம்பரில்தான் பிறந்தது. தொடர் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் நடுவில் 38 ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் யார் யாரை வாங்கினார்கள், எந்தப் பெயர் எங்கே போனது என்று தேடிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு தொடரை எடுத்து அதன் உரிமை எந்தக் கைகள் வழியாக வந்தது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம், பணம் செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில் தொடரின் கடைசி பத்து விநாடிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரிய லோகோவை நம்பிவிடாதீர்கள். அங்கே மூன்று வேறு வேறு ஆட்கள் இருக்கலாம்: தொடரை எடுத்தவர், அதை டிவி நிலையங்களுக்கு விற்றவர், பதிப்புரிமை வைத்திருப்பவர். ஒளிபரப்பிய சேனல் இவர்களில் ஒருவராக இல்லாமலே போகலாம். லோகோ பெரும்பாலும் விற்றவருடையது, பிற்காலத்தில் பழைய லோகோவை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவதும் சகஜம், பிவிட்ச்ட் கதை அதுதான். நீங்கள் தேட வேண்டியது சி எழுத்தைச் சுற்றி வட்டம் போட்ட அந்தப் பொடி எழுத்து வரியை. ஆண்டு பெரும்பாலும் ரோமன் எண்ணில் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 1960-ல் வந்த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனைப் பாருங்கள். அதை விற்றது ஸ்க்ரீன் ஜெம்ஸ், அதாவது இன்றைய சோனி பிரிவின் பழைய உருவம். அந்த லோகோவைப் பார்த்துவிட்டு இது சோனியின் சொத்து என்று எழுதினால் தவறு. எடுத்தது ஹன்னா-பார்பெரா. அந்த நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் டாஃப்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 1991-ல் டர்னர் என்ற டிவி நிறுவனத்துக்கு வந்து, 1996-ல் டர்னர் டைம் வார்னரோடு சேர்ந்ததால் கார்ட்டூனும் வார்னர் வீட்டுக்குப் போய்விட்டது.

சரி, பெயர் கிடைத்ததா? இப்போது ஒரு தாளில் நிறுவனங்களைச் சங்கிலியாக வரையுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே பெயர் மட்டும் மாறியதா, இரண்டு நிறுவனங்கள் சேர்ந்தனவா, அல்லது காசு கொடுத்து வாங்கினார்களா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

சோனியின் சங்கிலியை நான் இப்படி வரைந்து வைத்திருக்கிறேன். 1947-ல் ரால்ஃப் கோன் என்பவர் பயனியர் டெலிஃபிலிம்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் கொலம்பியா பிக்சர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவை நிறுவிய கோன் சகோதரர்களில் ஜாக்கின் மகன், ஹாரிக்கு அண்ணன் மகன். அடுத்த ஆண்டே கொலம்பியா அதை எடுத்துக்கொண்டு ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்று பெயர் வைத்தது. ஆரம்பத்தில் விளம்பரப் படங்கள், பிறகு 1950-களில் முழுத் தொடர்கள். மற்ற பெரிய ஸ்டுடியோக்கள் டிவியை எதிரியாகப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் துணிந்து இறங்கியது பெரிய விஷயம், இந்தப் பிரிவின் பலம் எல்லாமே அந்தத் துணிச்சலில் தொடங்கியது என்பது என் எண்ணம். 1968-ல் ஸ்க்ரீன் ஜெம்ஸும் தாய் நிறுவனமும் இணைந்து கொலம்பியா பிக்சர்ஸ் இண்டஸ்ட்ரீஸ் ஆனது, 1974-ல் டிவி பிரிவு கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் என்று பெயர் மாறியது. அந்த 1974 மாற்றம் வெறும் பெயர் மாற்றம், கை மாறவில்லை என்பதைத் தாளில் தனியாகக் குறியுங்கள்.

கை மாறியது 1982-ல். கோகோ-கோலா சுமார் 75 கோடி டாலருக்கு கொலம்பியாவை வாங்கியது. குளிர்பான நிறுவனத்துக்கு சினிமா எதற்கு என்று தோன்றலாம், ஆனால் டிவி பக்கம் அவர்கள் செய்த வேலை இன்றும் பலன் தருகிறது. 1985-ல் நார்மன் லியர் என்ற டிவி தயாரிப்பாளர், அவரது பங்காளி ஜெர்ரி பெரென்சியோ இருவரின் எம்பசி கம்யூனிகேஷன்ஸை 48.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள், ஆல் இன் தி ஃபேமிலி போன்ற தொடர்கள் அதோடு வந்தன. 1986-ல் மெர்வ் கிரிஃபின் என்ற டிவி தயாரிப்பாளரின் நிறுவனத்தை 25 கோடிக்கு வாங்கினார்கள், வீல் ஆஃப் ஃபார்ச்சூன், ஜியோபர்டி என்ற இரண்டு போட்டி நிகழ்ச்சிகளும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. இந்த இரண்டு ஆண்டுகளை நிதானமாகப் படியுங்கள் என்று சொல்வேன், சொத்தின் பெரும்பகுதி இங்கேதான் சேர்ந்தது.

அப்புறம் வேகமாகவே நடந்தது. 1987 கடைசியில் ட்ரைஸ்டார் என்ற சினிமா ஸ்டுடியோவோடு இணைப்பு, 1989-ல் சோனி 340 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, 1994-ல் கொலம்பியா, ட்ரைஸ்டார் இரண்டு டிவி பிரிவுகளும் ஒன்றாகி கொலம்பியா ட்ரைஸ்டார் டெலிவிஷன், கடைசியாக 2002-ல் சோனி பெயர். கவனித்தீர்களா, சோனி வாங்கி 13 ஆண்டு கழித்துத்தான் தன் பெயரை டிவி பிரிவின் மேல் போட்டது. லோகோ மாறிய ஆண்டை வாங்கிய ஆண்டாக எழுதினால் எவ்வளவு தள்ளிப்போகும் பாருங்கள்.

அடுத்து, ஒரே பெயரில் வேறு வேறு நிறுவனங்கள் இருப்பதில் ஏமாறாதீர்கள். ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்ற பெயரை 1940-களில் கொலம்பியா தன் கார்ட்டூன் பிரிவுக்கு வைத்திருந்தது, பிறகு டிவிக்கு வைத்தது, 1990-களின் கடைசியில் சோனி அதே பெயரைத் தூசி தட்டி ஒரு சினிமாப் பிரிவுக்கு வைத்தது. மூன்றும் ஒன்றல்ல. எம்பசியும் அப்படித்தான்: தொடர்கள் கொலம்பியாவோடு தங்கின, எம்பசி பிக்சர்ஸ் என்ற சினிமாப் பக்கம் 1985-லேயே சினிமா தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸுக்கு விற்கப்பட்டது. ஆகவே ‘எம்பசி’ என்று மட்டும் குறித்து வைக்காமல் தொடரா படமா என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பொடி எழுத்தில் கேள்விப்படாத பெயர் வந்தால் பயப்பட வேண்டாம். மேரீட் வித் சில்ட்ரன் தொடரில் ஈ.எல்.பி. கம்யூனிகேஷன்ஸ் என்று இருக்கும், அது எம்பசியின் மிச்சம், கடை மூடிய பிறகும் பலகை மட்டும் ஒப்பந்தங்களுக்காகத் தொங்கியது. சி.பி.டி. ஹோல்டிங்ஸ் என்று கண்டால் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷனின் முதலெழுத்துகள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு சொத்து ஏன் ஸ்டுடியோக்களிடம் சேர்ந்தது, சேனல்களிடம் ஏன் இல்லை என்பதும் தெரிந்திருந்தால் தேடல் எளிதாகும். 1970-ல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: மூன்று பெரிய சேனல்களும் வெளியார் எடுக்கும் தொடர்களில் பங்கு வைக்கக் கூடாது, மறு ஒளிபரப்புக்கு விற்கவும் கூடாது. அதனால்தான் அந்த மூன்றில் ஒன்றான சிபிஎஸ் தன் விற்பனைப் பிரிவை வயகாம் என்று தனியாகப் பிரித்துவிட்டது. 1990-களில் அந்த விதி நீங்கியது. எனவே 70, 80-களில் வந்த தொடர் என்றால் சேனலை விட்டுவிட்டு ஸ்டுடியோவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

சரிபார்க்க எங்கே போவது? அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியல் 1978-லிருந்து இருக்கிறது, இலவசம். 1964-க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 28-ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, எனவே 1950-க்குப் பிந்தைய பழைய தொடர்களின் புதுப்பிப்புப் பதிவு இந்தப் பட்டியலிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. அது அந்த ஆண்டில் உரிமை யார் கையில் இருந்தது என்று காட்டும், இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. வாங்கல் விற்றல் தேதிகளுக்கு அந்தக் காலத்து பிராட்காஸ்டிங், வெரைட்டி வார இதழ்களைப் பாருங்கள், பிராட்காஸ்டிங்கின் பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஒப்பந்தம் அறிவித்த தேதி ஒன்று, முடிந்த தேதி வேறு, இரண்டையும் எழுதுங்கள்.

பழகிப் பார்க்க சைன்ஃபெல்ட் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தது காசில் ராக். அந்த நிறுவனம் 1993-ல் டர்னருக்குப் போய், பிறகு டைம் வார்னருக்குப் போனது. ஆனால் விற்கும் உரிமை தொடக்கத்திலிருந்தே கொலம்பியா பக்கம் இருந்ததால், 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது அதை விற்றது சோனி. எடுத்தவர் ஒரு வரிசையில், விற்றவர் இன்னொரு வரிசையில் என்று இரண்டு சங்கிலியாக வரையுங்கள், ஒரே கோட்டில் அடக்கப் பார்த்தால் இந்தத் தொடர் அடங்காது.