சிங்கப்பூர் சம்பளத்தை 68-ஆல் பெருக்குவதற்கு முன்

போன மாதம் என் சித்தப்பா மகன் வேளச்சேரியிலிருந்து போன் பண்ணினான். "அண்ணா, சிங்கப்பூர்ல 6,500 டாலருக்கு ஆஃபர் வந்திருக்கு. நம்ம காசுக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரம். யோசிக்காம வந்துடலாம்ல?" சென்னையில் அவன் கைக்கு வருவது 1,20,000 ரூபாய், மனைவிக்கு 60,000, ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அன்று ராத்திரி போனிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வேலை, சம்பளத்தை ரூபாயாக்குவதை நிறுத்துங்கள். சம்பளம் வெள்ளியில் வருகிறது (டாலரை இங்கே சிங்கப்பூரில் தமிழில் வெள்ளி என்போம்), வாடகையும் அரிசியும் பள்ளிக்கூடமும் வெள்ளியிலேயே போகின்றன, ஊருக்கு வந்து ரூபாயாக மாறுவது மாசக் கடைசியில் மிஞ்சுவது மட்டும்தான். அதனால் எல்லாச் செலவையும் வெள்ளியிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பெருக்கி, சென்னையில் இன்று மிஞ்சுகிற தொகையோடு வைத்துப் பாருங்கள். நம்பியோ (Numbeo) மாதிரி ஊர்களின் விலைவாசியை ஒப்பிடும் இணையதளங்களில் தக்காளி விலை, பஸ் கட்டணம் எல்லாம் பார்க்கலாம், ஆனால் அவை தரும் ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள், அது யாரோ ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவு.

தனி ஆளாக வந்தால் கணக்கு இப்படி. வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடியில், ஓர் அறைக்கு 1,000 வெள்ளி. சாப்பாட்டை உணவங்காடியிலும் வீட்டிலுமாக 500-க்குள் முடிக்கலாம். ரயில் பஸ் 120, போன் 30, மற்றது 350, ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கு மாசம் 60. வருமான வரி வருஷத்துக்கு 3,100 வெள்ளிதான் வரும், மாசத்துக்கு 260 என்று எடுத்துவையுங்கள். இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை, அடுத்த வருஷம் மொத்தமாகக் கேட்பார்கள், தவணையாகவும் கட்டலாம். ஆக மிச்சம் ஏறத்தாழ 4,180 வெள்ளி, வெள்ளிக்கு 68 ரூபாய் என்றால் 2,84,000. அருமையான தொகை.

இப்போது அதே 6,500-இல் குடும்பத்தோடு வருவோம். மூன்றறை வீவக வீடு வாடகைக்கு 2,800. கரண்ட், தண்ணீர், இணையம், போன் 300. மளிகை 800, போக்குவரத்து 250. பள்ளிக்கூடம் 1,500. மருத்துவம் 150, வரி 230, மூன்று பேருக்கும் விமான டிக்கெட் மாசம் 150. கூட்டினால் 6,180. மிஞ்சுவது 320 வெள்ளி, ரூபாயில் 22,000-க்கும் கீழே. சென்னையில் அவர்கள் இரண்டு பேர் சம்பளத்தில் செலவு 94,000 போக 86,000 மிச்சம் பிடிக்கிறார்கள், பிஎஃப் தனி. என் எண்களில் வாடகை முன்னே பின்னே இருக்கலாம், உங்கள் பேட்டைக்கு விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கைக் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று பள்ளிக்கூடம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதே கஷ்டம், கட்டணமும் இங்குள்ள குடிமக்கள் கட்டுவதைப் போலப் பல மடங்கு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மாசம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். இன்னொன்று மனைவியின் சம்பளம், இதை யாருமே தாளில் எழுதுவதில்லை. வேலைக்கு வருபவரின் குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸில் வருகிறவர்கள் 2021 மே மாதத்திலிருந்து தங்களுக்கென்று தனி வேலை அனுமதி வாங்கினால்தான் பொதுவாக வேலைக்குப் போக முடியும், முன்பு மாதிரி ஓர் ஒப்புதல் கடிதம் மட்டும் போதாது. அவர் வேலையை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் அந்த 60,000 ரூபாயும் நீங்கள் சிங்கப்பூருக்குக் கொடுக்கும் விலைதான், அவர் பல வருஷம் கட்டிய வேலை அனுபவத்தையும் சேர்த்து யோசியுங்கள். இன்னொரு விஷயம், குடும்பத்தைக் கூட்டிவர மாசாமாசம் வரும் நிலையான சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்கவேண்டும். போனஸைச் சேர்த்து ஆண்டுத் தொகையாகச் சொன்னால் அதைப் பன்னிரண்டால் வகுத்து ஏமாறாதீர்கள், ஆஃபர் கடிதத்தில் மாதச் சம்பளம் என்ன என்று பாருங்கள்.

கண்ணில் படாத வரவு செலவும் உண்டு. நம் பிஎஃப் மாதிரி இங்குள்ள மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், அதனால் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இல்லை, ஆனால் முதலாளி பங்கும் கிடையாது. சென்னையில் கம்பெனி போட்ட பிஎஃப் பணமும் நின்றுபோகும், ஐந்து வருஷம் முடிய ஆறு மாசம் இருக்கும்போது வேலையை விட்டால் கிராஜுவிட்டியும் போகலாம். எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வருகிறவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை, குடும்பத்துக்கும் சேர்த்து உண்டா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அரசு பாலிகிளினிக் மானியம் நமக்குக் கிடைக்காது.

அப்புறம் முதல் மாசம். எனக்கு இங்கே வந்து இறங்கியபோது இதில்தான் அடி விழுந்தது, ஒரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தேன். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால் வழக்கமாக இரண்டு மாச வாடகை டெபாசிட், ஒரு மாச வாடகை முன்பணம், அதற்கு மேல் மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை. 2,800 வெள்ளி வீட்டுக்கு இது 8,669 வெள்ளி, ஏறக்குறைய ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே. ஏஜென்ட் கமிஷன் இருந்தால் அது தனி. முதல் மாசம் ஓட்டலுக்குக் கம்பெனி கொடுக்குமா, டெபாசிட்டுக்கு முன்பணம் தருமா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதே மாதிரி, வேலையை விட்டு ஊர் திரும்பும்போது வரிக்கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி 30 நாள் வரை நிறுத்திவைக்கும், சட்டமே அப்படித்தான். அந்த மாசத்துக்கும் கையில் பணம் வேண்டும்.

கிளம்பும் தேதியும் பணம்தான். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் என்ஆர்ஐ, சிங்கப்பூரில் சம்பாதிப்பதற்கு இந்தியாவில் வரி வராது. செப்டம்பர் கடைசி வாரத்தைத் தாண்டிக் கிளம்பினால் அந்த ஆண்டுக்கு நீங்கள் உள்நாட்டவர்தான், இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அங்கே கட்டவேண்டி வரலாம்.

தம்பி ஆஃபரை இன்னும் விடவில்லை. 8,000 கேட்டுப் பார்க்கிறான், கிடைக்காவிட்டால் முதல் வருஷம் தனியாக வந்து அறையில் தங்குவது, அதற்குள் மனைவி இங்கே தன் பெயரில் வேலை தேடுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு இன்னொரு தாள் போடச் சொன்னேன். தனி ஆள் கணக்கில் மிஞ்சிய 2,84,000-இலிருந்து, சென்னை வீட்டுச் செலவில் மனைவி சம்பளம் போக இவன் அனுப்பவேண்டிய 34,000-ஐக் கழித்தாலும் இரண்டரை லட்சம் நிற்கிறது. அந்தத் தாளில் முதல் வரியாக, மாசம் 60 வெள்ளி என்று நான் போட்ட டிக்கெட் கணக்கை அடித்துவிட்டு, மூன்று மாசத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்க வரும் செலவை எழுதச் சொல்லியிருக்கிறேன்.