பாரிமுனைக்குப் போகிறவர்கள் காலிப் பையோடு போங்கள்

ஊரிலிருந்து சென்னைக்கு யார் வந்தாலும் மெரினாவுக்கும் மாலுக்கும்தான் கேட்பார்கள். நான் பழைய கடைத்தெருக்கள் இருக்கும் பாரிமுனைக்குக் கூட்டிப் போவேன். அப்பா ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதினார். லீவு நாளில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போய்ப் போய் அந்தத் தெருக்கள் எனக்குப் பழகிவிட்டன. சங்கரன்கோவிலிலிருந்து வந்த அத்தை மகளுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே தருகிறேன்.

முதலில் கிழமை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். ஷட்டருக்கு முன்னால் நடைபாதைக்காரர்கள் துணிமணி விரித்திருப்பார்கள். அது போதும் என்றால் சரி. தெருக்களைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை 11 மணிக்கு சென்ட்ரலில் இறங்குங்கள். ஸ்டேஷனிலேயே பாத்ரூம் போய்விடுங்கள். உள்ளே போனபின் அது பெரும்பாடு. 500 ரூபாய் நோட்டைச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகம். 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த பழைய புத்தகக்காரர்கள் இங்கே வந்தார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிற்கிறது. பழைய புத்தகம் வாங்க ஒரு வழி உண்டு. வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், கேட்ட உடனே விலை ஏறும். நாலு புத்தகத்தைக் கையில் சேர்த்து, வேண்டியதை நடுவில் சொருகி, "எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். காசு கொடுக்கும் முன் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். எங்கோ ஒரு நடைபாதையில் ஆசையாக ஒரு பழைய சமையல் புத்தகம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊறுகாய்ப் பகுதியில் ஒரு ஃபாரமே, அதாவது சேர்த்து அச்சடித்து மடித்துத் தைக்கும் ஒரு கட்டே இல்லை, முழுசாக 16 பக்கம். எலுமிச்சை ஊறுகாயில் உப்பு போடச் சொல்லி நின்றது, அடுத்த பக்கம் ரவா லட்டு.

அங்கிருந்து ஈவ்னிங் பஜார் வழியாக என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு நடந்துவிடலாம். இங்கே கடைப் பெயர் கேட்டு அலையாதீர்கள். சாமானைச் சொல்லுங்கள், தெருவைக் காட்டுவார்கள். கண்ணாடி, படச் சட்டம், அலங்காரச் சாமான் என்றால் தேவராஜ முதலி தெரு. துணி என்றால் கோடவுன் தெரு. பூவுக்கு பத்ரியன் தெரு. காகிதமும் டைரியும் எங்கள் ஆண்டர்சன் தெரு. பல கடைகளில் மொத்த வியாபாரம்தான். வாசலிலேயே "சில்லறையா குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனால் இரண்டு பேருக்கும் மரியாதை.

பேரம் நடைபாதையில் உண்டு. ஆனால் கடை விரித்த கையோடு போய் விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, வாங்காமல் நகராதீர்கள். அது போணி நேரம். அன்றைய வியாபாரமே கெட்டுப்போகும் என்று நினைப்பார்கள், வாய்விட்டும் சொல்வார்கள். வாங்குவது உறுதி என்றால் அதே நேரம் நல்லது. "போணி பண்றேன்ணே, பார்த்துச் சொல்லுங்க" என்றால் பாதி வேலை முடிந்தது. எலக்ட்ரானிக் சாமானை அங்கேயே போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கனமானது எதுவானாலும் கடைசியில்.

மதியத்துக்குப் பிறகு கால் கெஞ்சும். தங்கசாலைத் தெருவில் ஒரு பாதாம் பால் குடித்தால் தெளிந்துவிடும். சைவக்காரர்கள் சாயங்காலம் வரை அந்தப் பக்கமே இருந்து, என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே சீனா பாய் கடையில் நெய் ஊத்தப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். பகலில் போனால் கடை இருக்காது.

என் வாக்கு அத்தோவுக்குத்தான். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ராஜாஜி சாலையில் பர்மா பஜாரைத் தாண்டி, பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் என்ற தெருவில் தள்ளுவண்டிகள் நிற்கும். 6 மணிக்குப் போங்கள். கிண்ணத்தில் மஞ்சள் நூடுல்ஸ், மெல்லிசாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பேஜோ என்ற மொறுமொறு பலகாரத்தை நொறுக்கியது எல்லாம் விழும். கரண்டி கிடையாது, விரலாலேயே பிசைவார்கள். கையால் பிசைவது பிடிக்காதவர்கள் அடுத்த வண்டியில் அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயம் அடைத்துத் தருவதை வாங்கிக்கொள்ளலாம். அதையும் கையால்தான் அடைப்பார்கள், சொல்லிவிட்டேன். "காரம் கம்மியா" என்று முதலிலேயே சொல்லுங்கள், பிசைந்த பின் சொல்லிப் பிரயோஜனமில்லை.

கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள். மூன்றாவது தடவை நீட்டினால் அண்ணன் ஒரு பார்வை பார்ப்பார். ஆனாலும் ஊற்றிவிடுவார்.